பட்டியலில் இருந்தும் இடிபடுகிறது: மரபுக் கட்டடங்களைக் காக்க உள்ளாட்சியால் என்னதான் முடியும்?

தெருவாசி (இழையைத் தொடங்கியவர்)

பழைய கட்டடம் ஒன்று இடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் ஒரே கதைதான். "அது பாரம்பரியப் பட்டியலில் இருந்ததாயிற்றே, எப்படி இடித்தார்கள்?" என்று எல்லோரும் கேட்பார்கள். "எங்களிடம் அனுமதியே கேட்கவில்லை" என்று நகராட்சி சொல்லும். இல்லையென்றால், "அனுமதி கொடுத்த பிரிவுக்கு அது பட்டியலில் இருப்பது தெரியாது" என்று சொல்லும். கொஞ்ச நாள் பேசுவோம். அப்புறம் அந்த இடத்தைச் சுற்றித் தகர வேலி வந்துவிடும்.

ஒரு கட்டடத்தை மரபுச் சின்னம் என்று அறிவிப்பது ஒரு வேலை. அதை இடிக்க விடாமல் நிறுத்துவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்கான அதிகாரம் யாரிடம் இருக்கிறது? தனிக் கட்டடத்தைத் தாண்டி, ஒரு தெருவையே, ஒரு பழைய குடியிருப்புப் பகுதியையே காப்பாற்றிய நகரங்கள் எப்படிச் செய்தன? துறையில் வேலை பார்த்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள். கோபம் எனக்கும் நிறைய இருக்கிறது. ஆனாலும் எது வேலைக்கு ஆகிறது, எது ஆகவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால் உபயோகமாக இருக்கும்.

வரைபலகை

கட்டட அனுமதிப் பிரிவில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மேலிடத்திலிருந்து வரும் பட்டங்கள் பலவற்றுக்கு இடிப்பை நிறுத்தும் சக்தி கிடையாது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் இடம்பெற்ற வீட்டை அதன் சொந்தக்காரர் தன் காசில் இடிக்க நினைத்தால் அந்தப் பதிவேடு அவரைத் தடுக்காது. மத்திய அரசின் பணமோ உரிமமோ கலந்தால்தான் அவர்கள் கேள்வி கேட்க முடியும். தனியாரைத் தடுப்பது அந்த ஊர் நகரசபையின் விதிதான். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டமும் இப்படித்தான். ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்குக்கு 2004இல் அந்தப் பட்டம் கிடைத்தது. ஆற்றின் குறுக்கே புதுப் பாலம் வேண்டும் என்று 2005இல் நகர மக்களே வாக்களித்தார்கள். பாலம் வேலை நடந்தது, 2009இல் பட்டம் போனது. லிவர்பூல் 2021இல் இழந்தது. யுனெஸ்கோவால் பெயரை நீக்கத்தான் முடிந்தது. கட்டுமானத்தை நிறுத்த முடியவில்லை.

நிலப் பயன்பாடு, உயரம், கட்டட அனுமதி, இடிப்பு அனுமதி எல்லாம் பெரும்பாலான நாடுகளில் உள்ளாட்சியின் மேசையில்தான் இருக்கின்றன. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்ட முதல் நகரங்களில் ஒன்று அமெரிக்காவின் சார்ல்ஸ்டன். 1931இல் அந்த நகரசபை தன் நில மண்டல விதிக்குள்ளேயே ஒரு பழைய பகுதியை எல்லை போட்டுக் குறித்து, அங்கே கட்டடங்களின் வெளித்தோற்றத்தை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அடுத்து நியூ ஆர்லியன்ஸ் தன் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதிக்கு 1937இல் அப்படி ஓர் ஆணையத்தை உருவாக்கியது.

அதனால் உங்கள் நகராட்சியில் பார்க்க வேண்டியது இதுதான்: மரபுப் பட்டியல் அனுமதிக் கோப்போடு கோக்கப்பட்டிருக்கிறதா? இடிப்பு விண்ணப்பம் கவுன்டருக்கு வந்ததும் நில அளவை எண்ணைத் தட்டினால் உடனே குறி விழ வேண்டும். குறி விழுந்தால் அந்த மேசையில் யாராலும் கையெழுத்துப் போட முடியாதபடி இருக்க வேண்டும். நான் பார்த்த இடத்தில் பட்டியல் பண்பாட்டுப் பிரிவின் அலமாரியில் இருந்தது. அனுமதி பொறியியல் பிரிவில் நடந்தது. பட்டியலில் "கடைவீதி முனையிலுள்ள பழைய மாளிகை" என்று எழுதியிருக்கும். விண்ணப்பத்தில் வெறும் எண் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, இந்த இடைவெளியே போதும் ஒரு கட்டடம் போய்ச் சேர.

நடைபாதை

சரி, பட்டியலுக்கு வந்த பிறகுதானே இதெல்லாம்? வருவதற்கு முன்னாலேயே இடித்துவிடுகிறார்களே. லண்டனில் ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலை, 1928இல் கட்டியது, அழகான முகப்பு. அது பட்டியலில் சேரப்போகிறது என்று தெரிந்ததும் 1980 ஆகஸ்ட் மாத விடுமுறை வார இறுதியில் இடித்துவிட்டார்கள். அலுவலகம் திறந்து ஆணை கையெழுத்தாவதற்குள் முகப்பு போய்விட்டது. "பரிசீலனையில் இருக்கிறது" என்ற அறிவிப்பே சொந்தக்காரருக்கு அவசரத்தைக் கிளப்பிவிடுகிறது. இதற்கு என்ன வழி?

வரைபலகை

நடைபாதை சொல்வது மிக முக்கியமான விஷயம். நல்ல விதிகள் எல்லாவற்றிலும் ஓர் இடைக்காலப் பாதுகாப்பு இருக்கும். இங்கிலாந்தில் உள்ளூர் மன்றமே கட்டடப் பாதுகாப்பு அறிவிக்கை கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அது பட்டியலில் உள்ள கட்டடம் மாதிரியே நடத்தப்படும். அதற்குள் மேலிடம் முடிவு செய்ய வேண்டும். இதிலும் 2024 வரை ஒரு சிக்கல் இருந்தது. கடைசியில் பட்டியலில் சேர்க்கவில்லை என்றால் உரிமையாளருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை மன்றம் ஈடு செய்ய வேண்டி வரலாம் என்று இருந்தது. அந்தப் பயத்திலேயே பல மன்றங்கள் இந்த ஆயுதத்தை எடுக்காமல் இருந்தன.

சிகாகோ வேறு வழியில் போனது. அங்கே நகரம் முழுக்கப் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து, முக்கியத்துவத்துக்கு ஏற்ப நிறம் கொடுத்து வைத்திருந்தார்கள். 2003இல் ஒரு விதி போட்டார்கள்: சிவப்பு, ஆரஞ்சு நிறம் பெற்ற கட்டடத்தை இடிக்க விண்ணப்பம் வந்தால் 90 நாள் வரை அதை நிறுத்திவைக்கலாம். அந்த நேரத்தில் அதிகாரிகள் போய்ப் பார்க்கலாம், அக்கம்பக்கத்தார் பேசலாம், வாங்க ஆள் தேடலாம். தடை கிடையாது, தாமதம்தான். என் அனுபவத்தில் தாமதத்துக்கு மதிப்பு அதிகம். கடன் வாங்கி மனை வாங்கியவருக்கு ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடுகிறது, அவர் பேச்சுவார்த்தைக்கு வருவார்.

கியோட்டோவில் இன்னும் நீளம். மச்சியா என்ற பழைய மரவீடுகளில் நகரம் குறித்துவைத்தவற்றை இடிக்க நினைப்பவர் ஒரு வருஷம் முன்னால் தெரிவிக்க வேண்டும் என்று 2017இல் கட்டளை கொண்டுவந்தார்கள். அந்த வருஷத்துக்குள் குத்தகைக்கு எடுக்கவோ வாங்கவோ ஆள் கிடைக்கிறதா என்று நகராட்சி பார்க்கும்.

பழையவீடு

எல்லோரும் இடிப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். காப்பாற்றிக்கொண்டிருப்பவன் பக்கம் கொஞ்சம் வாருங்கள்.

தாத்தா கட்டிய வீடு, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறது. இடிக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. தெருப்பக்கத்து மர சன்னல் இற்றுப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று விண்ணப்பம் போட்டேன். அளவுப்படம் கேட்டார்கள், கொடுத்தேன். நான்கு பக்கப் புகைப்படம் கேட்டார்கள், கொடுத்தேன். குழு கூடவில்லை. அடுத்த மாதமும் கூடவில்லை. மழை வந்தது, சன்னல் வழியாகத் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறி, உள்ளே காரை பெயர்ந்து விழுந்தது. கடைசியில் கூடியபோது, "பழைய மாதிரியே தேக்கில் செய்யுங்கள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். தேக்கில் செய்யும் செலவு யார் தலையில்? இதே தெருவில் எல்லைக்கு வெளியே இருப்பவர் அலுமினிய சன்னல் வைத்து, மேலே இரண்டு மாடியும் எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறார்.

தெரு அழகாக இருப்பதில் எனக்கும் பெருமைதான். அந்த அழகு எல்லோருக்கும் என்றால் அதன் செலவில் ஒரு பங்காவது எல்லோருடைய பணத்திலிருந்தும் வர வேண்டும். இதைக் கேட்டால் மரபுக்கு எதிரி என்று பார்க்கிறார்கள். மனசு வலிக்கிறது.

வழக்குரை

பழையவீடு அண்ணா, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாக இதைத்தான் கேட்டுவருகின்றன.

இதில் எல்லோரும் படிக்கும் வழக்கு நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலைய வழக்கு. முன்கதையைச் சொல்கிறேன். பென் ஸ்டேஷன் என்ற பிரம்மாண்டமான ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். அப்போது அதைத் தடுக்க நகரத்திடம் எந்த விதியும் இல்லை. அந்த அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1965இல் நியூயார்க் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1967இல் கிராண்ட் சென்ட்ரல் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் தலைக்கு மேலேயே ஐம்பது மாடிக்கு மேல் ஒரு கோபுரம் எழுப்ப ரயில் கம்பெனி திட்டம் போட்டது, ஆணையம் மறுத்தது. "எங்கள் சொத்தை நஷ்டஈடு இல்லாமல் பறித்துவிட்டீர்கள்" என்று கம்பெனி வழக்குப் போட்டது. 1978இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலையம் இப்போது இருக்கிற மாதிரியே நடத்தி நியாயமான வருமானம் பார்க்க முடிகிறது என்பது ஒரு காரணம். மேலே கட்ட முடியாமல் போன பரப்பைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள விதியில் வழி இருந்தது என்பது இன்னொன்று.

அந்தத் தீர்ப்பிலிருந்து உள்ளாட்சிகள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், உரிமையாளருக்கு மூச்சுவிட இடம் வைத்தால்தான் விதி நிற்கும் என்பது. அதனால்தான் நல்ல விதிகளில் பொருளாதார நெருக்கடிப் பிரிவு இருக்கும். இந்தக் கட்டடத்தை வைத்துக்கொண்டு என்னால் எந்த நியாயமான வருமானமும் பார்க்க முடியவில்லை என்று கணக்கு, மதிப்பீடு, வாங்க ஆள் தேடியதற்கான சான்று எல்லாம் வைத்து நிரூபித்தால் விலக்கு உண்டு. அதே போல் முடிவுக்குக் காலக்கெடு இருக்க வேண்டும். உங்கள் குழு இத்தனை நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்ணப்பம் மேல்முறையீட்டு அமைப்புக்குத் தானாகப் போகும் என்று விதி எழுதலாம். சன்னல் மாதிரிச் சின்ன வேலைகளுக்குக் குழு கூடவே தேவையில்லை. அலுவலர் மட்டத்திலேயே கையெழுத்தாகும்படி பல நகரங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. உங்கள் ஊரில் அதைச் செய்யவில்லை என்பது நிர்வாகக் கோளாறு, அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

நடைபாதை

> மேலே கட்ட முடியாமல் போன பரப்பைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள

இது மும்பையிலும் இருக்கிறது, இல்லையா மேடம்? 1995 மரபு விதிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்து, விதியால் கட்டும் உரிமையை இழந்தவர் அதை டி.டி.ஆர். என்ற, வேறு மனைக்கு மாற்றத்தக்க கட்டும் உரிமைச் சான்றிதழாக விற்கலாம் என்று வைத்தார்கள். ஆனால் வாங்க ஆள் இருந்தால்தானே விற்க முடியும்? நில விலை எகிறும் பெருநகரத்துக்குச் சரி. சின்ன நகராட்சியில் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம்தான்.

வழக்குரை

உண்மை. சந்தை சூடாக இருக்கும் இடத்தில் மட்டுமே அது பணமாகும். சின்ன ஊர்களுக்கு வரிச்சலுகைதான் கைகொடுக்கும். கலிஃபோர்னியாவில் 1972 முதல் மில்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நகரசபையும் பழைய கட்டடத்தின் உரிமையாளரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். குறைந்தது பத்து வருஷம், ஒவ்வொரு வருஷமும் தானாக நீளும். உரிமையாளர் ஒப்புக்கொண்ட பழுதுவேலைகளைச் செய்ய வேண்டும், பதிலுக்கு அவருடைய சொத்துவரி குறையும். வரியில் மிச்சமாகும் பணம் நேராக வீட்டுக்கே போகிறது. மானியம் என்றால் வருஷா வருஷம் பட்ஜெட்டில் கையேந்த வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் 1980 திருத்தத்துக்குப் பிறகு, மரபு விதியும் தகுதியான குழுவும் வைத்திருக்கும் உள்ளாட்சி சான்றிதழ் பெறலாம். மாநிலத்துக்கு வரும் மத்திய மரபு நிதியில் குறைந்தது பத்து சதவீதம் இப்படிச் சான்று பெற்ற உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டும். "நீ விதி போடு, நான் பணம் தருகிறேன்" என்ற ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சுண்ணாம்புக்காரர்

நான் பழைய கட்டடங்களில் பழுதுவேலை செய்கிறவன். சட்டம் எனக்குத் தெரியாது, சுவர் தெரியும்.

என் கண்ணெதிரே கட்டடங்கள் செத்ததில் புல்டோசரால் செத்தது குறைவு. கூரையில் ஒரு ஓடு நகர்ந்திருக்கும், யாரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் கைமரத்தில் இறங்கும், உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் இற்றுப்போகும். அந்த நுனியை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஆணி வைத்துக் குத்தினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். ஒரு நாள் உத்திரம் உட்காரும், சுவர் வெளியே தள்ளும். அப்புறம் ஒரு பொறியாளர் வந்து "அபாயகரமான கட்டடம்" என்று சான்றிதழ் எழுதுவார். அவ்வளவுதான், பட்டியல் எதுவும் செல்லாது. உயிருக்கு ஆபத்து என்றால் எந்த அதிகாரியும் குறுக்கே நிற்க மாட்டார்.

சில சொந்தக்காரர்கள் இது தெரிந்தே ஓட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் நான் கேட்பது, அந்தச் சான்றிதழை ஒரே ஆள் எழுதக்கூடாது. விரிசல் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். நகர்ந்தால் கண்ணாடி உடையும். சில மாதம் ஆகியும் உடையவில்லை என்றால் அது எப்போதோ நின்றுபோன விரிசல், நூறு வருஷப் பழசாகக்கூட இருக்கலாம். அதைக் காட்டி இடிக்கக் கேட்கிறார்கள். முட்டுக்கால் கொடுத்து நிறுத்தக்கூடிய சுவரையும் இடிக்கச் சொல்லி எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கமே சொந்தக்காரராக இருந்தாலும் இந்தக் கதைதான். புதுச்சேரியில் மேரி கட்டடம், நகராட்சி அலுவலகமே இருந்த கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய சுவரை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஊரார் வீட்டுச் சன்னலுக்கு விதி எழுதுகிற உள்ளாட்சி, முதலில் தன் சொந்தக் கட்டடங்களின் கூரையில் வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் ஏற்ற வேண்டும்.

வழக்குரை

அண்ணே, நீங்கள் சொன்ன விஷயத்துக்குச் சட்டத்தில் பெயரே உண்டு, கவனிப்பின்மையால் இடிப்பு என்பார்கள். இதற்கும் உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுத்த நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் மன்றம் ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அவசரப் பழுது பார்க்கலாம். கூரைக்குத் தார்ப்பாய், சுவருக்கு முட்டு, சன்னலுக்குப் பலகை, அவ்வளவுதான் செய்வார்கள். செலவை உரிமையாளரிடமிருந்து வசூலிப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் முழுப் பழுதுபார்ப்பு அறிவிக்கை. அதையும் இரண்டு மாதத்துக்கு மேல் அலட்சியம் செய்தால் கட்டாயக் கொள்முதலுக்கு மன்றம் நடவடிக்கை எடுக்கலாம். நியூ ஆர்லியன்ஸில் பழைய பகுதி வீடுகளை உரிமையாளர் நல்ல நிலையில் பராமரித்தே ஆக வேண்டும் என்ற விதியை 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்று சொன்னது.

பழையவீடு அண்ணா மாதிரி முயற்சி செய்பவரையும், வேண்டுமென்றே ஓட்டை நகர்த்துபவரையும் ஒரே விதியால் அடிக்கக்கூடாது. முன்னவருக்குக் கடனும் தொழில்நுட்ப உதவியும், பின்னவருக்கு அறிவிக்கை. அதைப் பிரித்துப் பார்க்க அலுவலர் நேரில் போக வேண்டும்.

வாடகைக்குடி

இங்கே சொந்தக்காரரும் அரசாங்கமும் மட்டும் பேசுகிறீர்கள். பழைய பகுதிகளில் பாதுகாப்பு வந்தால் முதலில் வெளியேறுவது எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்கள்.

ஜார்ஜ் டவுன், பினாங்கு. வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தது. தலைமுறைகளாகக் கீழே கடையும் மேலே குடியுமாக இருந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறினார்கள். 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டம் வந்தது, சுற்றுலா வந்தது, பழைய கடைவீடுகள் விடுதிகளாக மாறின. முகப்பு இருக்கிறது, ஆட்கள் மாறிவிட்டார்கள். தெரு என்றால் ஆட்களும்தானே? சன்னல் கம்பியின் வளைவுக்கு விதி எழுதுகிறவர்கள் அந்தச் சன்னலில் நின்றவரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

வரைபலகை

இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் இத்தாலியின் பொலோனா. 1970களின் தொடக்கத்தில் அந்த நகராட்சி, புறநகரில் குடியிருப்புக் கட்ட வைத்திருந்த சமூக வீட்டுவசதிச் சட்டத்தைப் பழைய நகர மையத்துக்குள் கொண்டுவந்தது. பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதும் வீட்டுவசதித் திட்டம்தான் என்று வாதாடினார்கள். முதலில் வீடுகளை அரசே கையகப்படுத்துவதாக இருந்தது. எதிர்ப்பு வந்ததும் உரிமையாளர்களோடு ஒப்பந்தத்துக்கு மாறினார்கள்: பழுதுபார்க்க உதவி வாங்கினால் வாடகையைக் கட்டுக்குள் வைத்து, இருந்த குடித்தனக்காரர்களையே வைத்துக்கொள்ள வேண்டும். திட்டத்தை வரைந்த கட்டடக் கலைஞர் செர்வெல்லாட்டி, வீடுகளை அவற்றின் அமைப்பு வகைப்படி பிரித்து, எந்த வகை வீட்டில் எந்த மாற்றம் செய்யலாம் என்று வரைந்து வைத்தார். 1975இல் ஐரோப்பிய நாடுகள் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பிரகடனத்தில் குடியிருப்போரையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது. அதற்குப் பொலோனா ஒரு முன்மாதிரி.

ஜப்பானில் த்சுமாகோ என்ற ஊர் வேறு மாதிரி. பழைய நெடுஞ்சாலையில் வழிப்போக்கர் தங்கும் ஊராக இருந்து, ரயில் வேறு பக்கம் போனதால் ஆள் குறைந்துபோன இடம். அங்கே மக்களே 1971இல் சாசனம் எழுதினார்கள்: வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1975இல் நாட்டின் சட்டம் திருத்தப்பட்டது. பழைய கட்டடத் தொகுதிகளை உள்ளாட்சியே பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கலாம், அவற்றில் சிலவற்றை மத்திய அரசு தேர்ந்தெடுத்து நிதி கொடுக்கும். அடுத்த வருஷம் தேர்ந்த முதல் தொகுப்பிலேயே த்சுமாகோ இருந்தது. கீழிருந்து மேலே போன வரிசை அது.

வாடகைக்குடி

த்சுமாகோ சாசனத்தில் "வாடகைக்கு விடுவதில்லை" என்று இருக்கிறதே சார். எங்களுக்கு அங்கேயும் இடம் இல்லை. பொலோனா வழிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. உதவித்தொகை கொடுக்கும்போதே வாடகை நிபந்தனையை எழுதிவிட வேண்டும், பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

தெருவாசி

நிறையக் கற்றுக்கொள்கிறேன். நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, அனுமதியே கேட்காமல் இடித்தவரை என்ன செய்வது? அபராதம் மனை விலையில் தூசு. இரண்டு, அந்தக் குழுவில் யார் உட்கார வேண்டும்?

நடைபாதை

முதல் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் லண்டன் கார்ல்டன் டேவர்ன். 1920களில் கட்டிய மதுக்கூடம். 2015 ஏப்ரலில் அனுமதி இல்லாமல் இடித்தார்கள். பட்டியலில் சேர்ப்பது பற்றிய முடிவு வரவிருந்த நேரம். வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் அபராதத்தோடு விடவில்லை, இருந்தபடியே திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டது. மேல்முறையீட்டிலும் உத்தரவு நின்றது. இடிப்பதற்கு முன்பே ஆர்வலர்கள் சந்தேகப்பட்டு, கட்டடத்தை அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருந்தார்கள். அதனால் "எப்படி இருந்தது என்று தெரியாது" என்ற சாக்கு செல்லவில்லை. 2021இல் மறுபடி திறந்தது.

மேரி பற்றி அண்ணே சொன்னது இங்கேயும் பொருந்தும், பழைய கட்டடம் திரும்பி வரவில்லை. ஆனால் இடித்தவருக்கு அந்த இடிப்பால் எந்த லாபமும் கிடைக்கவில்லை. அடுத்து இடிக்க நினைப்பவருக்குக் கணக்கு மாறிவிடும்.

வழக்குரை

ஆமாம். எந்த ஊர் விதியிலும் இந்த வரி இருக்க வேண்டும்: சட்டவிரோதமாக இடித்த மனையில் பழைய கட்டடத்தின் உயரத்துக்கும் பரப்புக்கும் மேல் எதுவும் கட்ட அனுமதி இல்லை, குறிப்பிட்ட வருஷங்களுக்குப் புது அனுமதியே இல்லை. இப்படி விதி வைத்த நகரங்கள் இருக்கின்றன. மனையின் லாபத்தை எடுத்துவிட்டால் அபராதத் தொகை எவ்வளவு என்பது முக்கியமே இல்லை.

வரைபலகை

குழு பற்றி. நியூயார்க் ஆணையத்தில் 11 பேர். குறைந்தது மூன்று கட்டடக் கலைஞர்கள், ஒரு வரலாற்றாளர், ஒரு நகரமைப்பாளர் அல்லது நிலத்தோற்றக் கலைஞர், ஒரு சொத்து வணிகர், நகரத்தின் ஐந்து பகுதிகளிலிருந்தும் ஒருவராவது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சொத்து வணிகர் இருப்பதை நான் வரவேற்கிறேன். கணக்குத் தெரிந்தவர் ஒருவர் மேசையில் இல்லாவிட்டால் குழு நடக்காத காரியத்தைக் கேட்கும்.

ஆனால் உறுப்பினர் பட்டியலைவிட எழுதப்பட்ட வழிகாட்டி முக்கியம் என்பேன். படம் போட்டு, எந்தச் சன்னல் சரி, எந்தக் கூரைச் சாய்வு சரி, பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது, தெருவிலிருந்து தெரியாத பின்பக்கத்தில் என்னென்ன செய்யலாம் என்று முன்கூட்டியே வெளியிட்டுவிட வேண்டும். அது இருந்தால் பழையவீடு போன்றவர்கள் தச்சரிடம் போகும் முன்பே பதிலைத் தெரிந்துகொள்வார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கூட்டமும் உறுப்பினர்களின் ரசனைச் சண்டையாகிவிடும். தன் வாடிக்கையாளரின் விண்ணப்பம் வரும்போது உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும் என்பதையும், கூட்டக் குறிப்பு காரணத்தோடு வெளியாக வேண்டும் என்பதையும் விதியில் எழுதுங்கள்.

பகுதி என்று வரும்போது இன்னொன்று, உயரம். நூறு வீட்டைக் காப்பாற்றிவிட்டு நடுவில் ஒரு இருபது மாடிக்கு அனுமதி கொடுத்தால் தெரு போய்விட்டது. கியோட்டோ 2007இல் நகர மையத்தில் 45 மீட்டர் என்றிருந்த உச்ச வரம்பை 31 மீட்டராகவும், உள்தெருக்களில் 31 என்றிருந்ததை 15 ஆகவும் குறைத்தது. சொத்து மதிப்பு விழும் என்று பெரிய எதிர்ப்பு வந்தது. நகராட்சி பின்வாங்கவில்லை. உயர வரம்பும் மரபுப் பட்டியலும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் பட்டியல்தான் தோற்கும். பத்து மாடி கட்டலாம் என்று மண்டல விதி சொல்லும் மனையில் இரண்டு மாடி வீடு நின்றால், அதை இடிக்கச் சொல்லி நீங்களே தூண்டுகிறீர்கள்.

தெருவாசி

எங்கள் மன்றத்தில் மனு கொடுக்கலாம் என்று சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க முடியாது. எதிலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள்?

வரைபலகை

கணக்கெடுப்பும் தாமத விதியும். இந்த இரண்டுக்கும் பெரிய பணம் வேண்டாம், மன்றத்தில் எதிர்ப்பும் குறைவாக இருக்கும். கணக்கெடுப்பு என்றால் புத்தகம் போடுவது இல்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நில அளவை எண், தெருவிலிருந்து தேதியோடு புகைப்படம், மாடி எண்ணிக்கை, கூரை வகை, தற்போதைய நிலை. எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள், அனுமதிக் கவுன்டர் அதை வைத்துத்தான் தேடும். சேகரித்ததை நகரமைப்புப் பிரிவின் வரைபடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அது ஆன பிறகு, குறித்த கட்டடத்துக்கு இடிப்பு விண்ணப்பம் வந்தால் இத்தனை நாள் நிறுத்திவைத்து, வாசலிலேயே அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்ற தீர்மானம். வரிச்சலுகையை அடுத்த பட்ஜெட்டுக்குக் கேளுங்கள். பழையவீடு போன்ற உரிமையாளர்களையும் வாடகைக்குடி போன்றவர்களையும் மனுவில் கையெழுத்துப் போட வையுங்கள். வெறும் ஆர்வலர் மனு என்றால் ஒதுக்கிவிடுவார்கள்.

பழையவீடு

கையெழுத்துப் போட நான் தயார், காலக்கெடுவும் வரிச்சலுகையும் மனுவில் இருந்தால். சுண்ணாம்புக்காரர் அண்ணே, ஒரு சந்தேகம். மழையில் பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார். சீக்கிரம் முடியும் என்கிறார். பூசலாமா?

சுண்ணாம்புக்காரர்

வேண்டவே வேண்டாம். பழைய செங்கல் மெத்து, சுண்ணாம்புச் சாந்தும் மெத்து. ஊறிய ஈரம் சாந்து வழியாக வெளியே வந்துவிடும். மேலே சிமென்டைப் பூசினால் வழி அடைபட்டு ஈரம் செங்கலுக்குள்ளேயே நிற்கும், உப்பு பூக்கும், சில வருஷத்தில் செங்கலின் முகமே பொரிந்து உதிரும். முதலில் சுவர் காயட்டும். தண்ணீர் வந்த வழியை அடைத்துவிட்டு, பெயர்ந்த காரையை மட்டும் தட்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே மெல்லிசாக இரண்டு மூன்று தடவையாகப் பூசச் சொல்லுங்கள், ஒவ்வொரு பூச்சும் இறுகிய பிறகு அடுத்தது.

சன்னலையும் முழுசாக மாற்ற அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் தண்ணீர் தங்கும் அடிச்சட்டமும் பக்கச் சட்டங்களின் கீழ்நுனியும்தான் இற்றிருக்கும். நல்ல தச்சர் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அதே வகை மரத்தில் ஒட்டுப்போட்டுத் தருவார். செலவு குறையும். பல இடங்களில் இருந்தது இருந்தபடியே பழுதுபார்ப்பதற்கு அனுமதியே தேவையில்லை, உங்கள் ஊர் விதியிலும் அப்படி இருக்கிறதா என்று வழக்குரை மேடத்திடம் காட்டிக் கேளுங்கள்.

வழக்குரை

விதியின் நகலைத் தனிமடலில் அனுப்புங்கள் அண்ணா, படித்துச் சொல்கிறேன். குழு உங்களுக்குக் கொடுத்த அந்த ஒரு வரி உத்தரவையும் சேர்த்து அனுப்புங்கள். காரணம் எழுதாத உத்தரவு என்றால் மேல்முறையீடு செய்ய அதுவே போதுமா என்று பார்க்கலாம்.